சீசன் இல்லாத அருவி

தைப்பூசத்தன்று அபிஷேகம் முடிந்து, கோயில் உணவுக்கூடத்தில் பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நம் சங்க அன்பர் ஒருவர் பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொன்னார். ஊரிலிருந்து வந்திருக்கும் அவருடைய பெற்றோர் ஏப்ரல் முதல் வாரம் திரும்பிப் போகிறார்களாம். "எல்லாம் காட்டியாகிவிட்டது டாக்டர். நயாகரா ஒன்றுதான் பாக்கி. இந்தக் குளிரில் அங்கே என்ன இருக்கப்போகிறது? அடுத்த தடவை ஜூலையில் வரச்சொல்லிக் காட்டிவிடலாம்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தகப்பனார் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். 2011-ஆம் ஆண்டு நவம்பரில் என் தந்தையார் இங்கே வந்து நான்கு மாதம் தங்கியிருந்தார். வந்த வாரமே, "நயாகரா இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். காரில் நான்கு மணி நேரம் என்றேன். "இப்போது சீசன் இல்லை அப்பா, அடுத்த தடவை கோடையில் வாருங்கள், படகிலேயே கூட்டிப்போகிறேன்" என்று அதோடு சேர்த்துச் சொன்னேன். அவரும் இப்படித்தான் தலையாட்டினார். அடுத்த தடவை என்ற ஒன்று வரவில்லை. 2013-இல் அவர் காலமானார்.

ஆகவே சென்ற ஆண்டு என் தாயார் வந்திருந்து, மார்ச் நடுவில் ஒரு கலியாணத்திற்காகத் திரும்பியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது, நான் ஜூலையைப் பற்றிப் பேசவில்லை. பிப்ரவரிக் கடைசி வாரத்தில் அம்மாவை அழைத்துச் சென்று வந்தோம். நம் அன்பர்களின் வீடுகளில் இப்போது தங்கியிருக்கும் பெற்றோர் பலர். அவர்களில் சிலருக்காவது பயன்படட்டும் என்று அந்தப் பிரயாணத்திற்கு நாங்கள் செய்த ஏற்பாடுகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் எதிர்ப்பு அம்மாவிடமிருந்தே வந்தது. எங்களுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். குற்றாலத்தைத் தெரிந்தவர்களுக்குச் சீசன் என்றால் என்னவென்று சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனி, ஆடியில் சாரல் விழும், அருவி கொட்டும், பங்குனியில் போனால் வெறும் பாறையைத்தான் கும்பிட்டுவிட்டு வரவேண்டும். "ஏய்யா, சீசன் இல்லாத அருவியைப் பார்க்க யாராவது பெட்ரோலைச் செலவழிச்சுக்கிட்டுப் போவாங்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப்போய்த்தான் எனக்கே பல விஷயங்கள் தெரியவந்தன.

தண்ணீர் இருக்குமா?

இருக்கும். ஆனால் கோடைப் பகலில் இருப்பதில் பாதிதான் இருக்கும். அதற்குக் காரணம் குளிர் அன்று, ஒரு ஒப்பந்தம்!

நயாகரா ஆற்றில் இயற்கையாக ஓடிவருவது சராசரியாக விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கன அடி. இதில் பெரும்பகுதியை அருவிக்கு மேலேயே திருப்பிச் சுரங்கக் குழாய்கள் வழியாக இரு நாட்டு மின் நிலையங்களுக்கும் கொண்டுபோய்விடுகிறார்கள். அருவிக்கு எவ்வளவு விடவேண்டும் என்பதை அமெரிக்காவும் கனடாவும் 1950-இல் செய்துகொண்ட உடன்படிக்கை வகுத்திருக்கிறது. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை, பார்ப்பவர்கள் வரும் பகல் நேரத்தில், குறைந்தது 1 இலட்சம் கன அடி விடவேண்டும். அந்த மாதங்களின் இரவிலும், குளிர்காலம் முழுவதும் இரவு பகல் இரண்டிலும், 50,000 கன அடி விட்டால் போதும்.

கன அடிக் கணக்கு நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மேட்டூர் அணையின் நீர்வரத்தைத் தினந்தோறும் பத்திரிகையில் பார்த்தவர்கள் அல்லவா! "அம்பதாயிரம் கன அடியா? அப்போ ஆத்துல வெள்ளம்னுல்ல சொல்லுவாங்க!" என்றார்கள் அம்மா. விநாடிக்கு 50,000 கன அடி என்பது சுமார் 14 இலட்சம் லிட்டர். பாதித் தண்ணீர் என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் குளிர்கால நயாகரா இதுதான்.

இதிலிருந்து ஒரு யோசனையும் கிடைக்கிறது. உங்கள் பெற்றோர் ஏப்ரல் முதல் வாரம் வரை இருப்பார்களானால், மார்ச் 30 அன்று போவதை விட ஏப்ரல் 1-க்குப் பிறகு ஒரு காலையில் போவது மேல். வேனிற்காலக் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. பனிக்கட்டிக் கோலத்தைப் பார்க்கவேண்டும் என்றால் பிப்ரவரிக் கடைசியே நல்லது. இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச் நடுவில் பனியும் உருகி, தண்ணீரும் கூடாமல் இருக்க இடமுண்டு.

அருவி உறைந்துபோகுமா?

படங்களைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்பது இது. அருவியின் மேல் எழும் நீர்த்தூசி, சுற்றியுள்ள பாறை, மரம், கம்பி எல்லாவற்றின் மேலும் படிந்து உறைகிறது. அமெரிக்க அருவிக்கு ஆற்று நீரில் பத்தில் ஒரு பங்குதான் போவதால், அதன் முகத்திலும் அடியிலும் பனிக்கட்டி மலைபோல் சேரும். அந்தப் பனிக்கட்டிக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். குதிரைலாட அருவியோ எப்போதும் கண்முன்னே கொட்டிக்கொண்டிருக்கும்.

இயற்கையாகவே அருவி நின்றுபோனது 1848-ஆம் ஆண்டு மார்ச் 29 இரவில். ஈரி ஏரியிலிருந்து ஆறு புறப்படும் வாயிலில் பனிக்கட்டிகள் அடைத்துக்கொள்ள, ஒரு நாளுக்கு மேல் ஆற்றுப்படுகை ஏறக்குறைய வறண்டு கிடந்தது. மக்கள் அதில் இறங்கி நடந்தார்கள். சத்தம் நின்றதால் விழித்துக்கொண்டவர்களும், உலகம் முடியப்போகிறது என்று அஞ்சிப் பிரார்த்தனைக்கு ஓடியவர்களும் உண்டாம். 1964 முதல் ஏரியின் வாயிலில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு மிதவைத் தடுப்பைக் கட்டி, பனிப்பாளங்கள் மொத்தமாக ஆற்றில் இறங்காமல் காக்கிறார்கள். வசந்தத்தில் அதை எடுத்துவிடுவார்கள்.

அருவிக்குக் கீழே பனிக்கட்டிகள் சேர்ந்து பாலம்போல் நிற்பதும் உண்டு. ஒரு காலத்தில் அதன் மேல் நடப்பது பெரிய வேடிக்கையாக இருந்தது. கொட்டகை போட்டுத் தின்பண்டம் கூட விற்றார்கள். 1912 பிப்ரவரி 4 அன்று அது உடைந்து மூவர் ஆற்றோடு போனார்கள். ஒரு தம்பதியரும், அவர்களுக்கு உதவத் திரும்பி ஓடிய ஓர் இளைஞனும். அன்று முதல் அதில் யாரும் இறங்கக்கூடாது. "வேலி போட்டிருக்கிறது, ஆனாலும் போய்ப் படம் எடுக்கலாம்" என்று பிள்ளைகள் துள்ளினால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

எந்தக் கரை?

முழு அருவியையும் எதிரே நின்று பார்க்கக் கனடாக் கரைதான் சிறந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றோர் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பாலத்தைக் கடந்துவிடலாம். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டில் இங்கே விசிட்டராக வந்திருக்கும் பெற்றோருக்குக் கனடா விசா தனியாக வேண்டும். ஆகவே அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். நான் அதை நினைத்துப் பார்க்கும்போது ஜனவரி பாதி போய்விட்டது. எங்களுக்கு அமெரிக்கக் கரை மட்டுமே.

விசா உள்ளவர்கள் கனடாப் பக்கம் போனால், குளிரிலிருந்து ஒதுங்கிப் பார்க்க நல்ல இடங்கள் உண்டு. 1905-இல் கட்டிய பழைய மின் நிலையம் ஒன்று 2021 முதல் காட்சியகமாக இருக்கிறது; அதன் அடியிலுள்ள சுரங்கம் வழியாக ஆற்றங்கரை வரை நடக்கலாம். வெதுவெதுப்பான கண்ணாடிக் கூடத்தில் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும் காப்பகம் ஒன்றும் இருக்கிறது. வெளியே பனியில் நின்றுவிட்டு அதற்குள் நுழைவது நம் ஊருக்கே போய்வந்தாற்போல் இருக்கும்.

அமெரிக்கக் கரையில் இருப்பது 1885-இல் அமைந்த மாநிலப் பூங்கா. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆட்டுத் தீவு வரை கார் போகும். அதன் முனையிலுள்ள டெரபின் பாயிண்ட்டில் நின்றால், குதிரைலாட அருவி விளிம்பைத் தாண்டி விழுவதைப் பக்கத்திலேயே பார்க்கலாம். இது அமெரிக்கக் கரைக்கே உரிய பாக்கியம். கோடைக் கூட்டத்தில் இங்கே கம்பி ஓரமாக ஓர் இடம் பிடிப்பதே பெரும்பாடு. நாங்கள் போன காலையில் எங்களைத் தவிர இரண்டே பேர்தான் இருந்தார்கள்.

கிடைக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். படகு கிடையாது. அருவியடிக்குப் போகும் மரப்படிகளை இலையுதிர் காலத்தில் பிரித்துவிட்டு, வசந்தத்தில்தான் திரும்பக் கட்டுகிறார்கள். உறைபனி மிகுந்த நாட்களில் சில பாதைகளை அடைத்துவிடுவார்கள். கடைகளும் உணவகங்களும் பல மூடிக்கிடக்கும். புறப்படுமுன் பூங்காவுக்கு ஒரு தொலைபேசி போட்டு என்னென்ன திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளவும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனதால் நாங்கள் பிழைத்தோம்.

இரவில் அருவியின் மேல் வண்ண விளக்கு வீசுவது குளிர்காலத்திலும் உண்டு. ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடுவதால், கோடையைப்போல் ஒன்பது, பத்து மணி வரை வயதானவர்களைக் காக்கவைக்கவேண்டாம். வானவில் பார்க்க ஆசையானால், சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கவேண்டும். அமெரிக்கக் கரையில் காலையில் நில்லுங்கள். கனடாக் கரையில் பிற்பகலில்.

சாலை

பிட்ஸ்பர்க்கிலிருந்து 79-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போய், ஈரி நகரத்தருகே 90-ஆம் எண் சாலையைப் பிடித்து, ஏரிக்கரையோடு பஃபலோ போய்ச் சேரவேண்டும். இந்த ஏரிக்கரைதான் கண்டம். உறையாத ஏரியின் மேல் குளிர்காற்று கடந்துவரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரையில் பனியாகக் கொட்டிவிடும். ஈரி ஏரி ஐந்து பேரேரிகளிலும் ஆழம் குறைந்தது. ஆகவே எளிதில் உறையும். உறைந்துவிட்டால் இந்தப் பனிக்கொட்டு தணியும். டிசம்பரை விடப் பிப்ரவரிக் கடைசி பொதுவாக மேலென்பது இதனால்தான். ஏரி நன்றாக உறையாத ஆண்டில் இக்கணக்கு செல்லாது.

உறைந்த ஏரியும் முழுக்க நம்பத்தக்கதன்று. 1977 ஜனவரியில் பஃபலோவைப் புதைத்த புயலில், உறைந்த ஏரியின் மேல் கிடந்த பனியையே காற்று வாரிக்கொண்டு வந்து கொட்டியது. 2022 டிசம்பர்ப் புயலில் அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். காரில் சிக்கி இறந்தவர்களும் உண்டு. ஆகவே ஓட்டல் அறையை, முன்னாள் வரை ரத்து செய்யக்கூடிய விதத்தில் பதிவு செய்யுங்கள். நாங்கள் முதலில் குறித்த சனிக்கிழமைக்குப் பனி எச்சரிக்கை வந்தது. அம்மா பெட்டியைக் கட்டிவைத்துவிட்டார்கள். இருந்தும் ரத்து செய்து, செவ்வாய்க்கிழமை போனோம். இரண்டு நாள் விடுப்பு எனக்குத் தண்டம்தான். சீசன் இல்லாத காலமாதலால் அறை மட்டும் எந்த நாளும் கிடைத்தது.

காரில் கம்பளி, மண்வாரி, தண்ணீர், சாப்பாடு இருக்கட்டும். பெட்ரோல் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்கவேண்டாம். பனியில் சிக்கிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடேற்றலாம். அதற்கு முன் புகைக்குழாயை மூடியிருக்கும் பனியை அகற்றியாகவேண்டும். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும்.

உடம்பு

இனி என் தொழிலுக்கு வருகிறேன். குளிர் பட்டவுடன் இரத்தக்குழாய்கள் சுருங்கும். இரத்த அழுத்தம் ஏறும். இருதயத்திற்கு வேலை கூடும். மார்வலி உள்ளவர்கள், அண்மையில் இருதயச் சிகிச்சை பெற்றவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் புறப்படக்கூடாது. சிலருக்கு நானே வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். விசிட்டர்களுக்கான இன்ஷூரன்ஸ் பலவற்றில் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

மருந்துகளைக் கார் டிக்கியில் வைக்காதீர்கள். இன்சுலின் உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பயன்படாது, எறிந்துவிடத்தான் வேண்டும். நாக்கடியில் வைக்கும் மாத்திரை பெரியவரின் உள்சட்டைப் பையிலேயே இருக்கவேண்டும். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும்; விரல் விறைத்துப்போனாலும் தெரியாது. அறைக்குத் திரும்பியதும் காலுறையைக் கழற்றி, வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். விறைத்த காலைத் தேய்க்காதீர்கள். கொதிக்கும் வெந்நீரிலும் வைக்காதீர்கள். உணராத காலுக்குச் சூடும் தெரியாது.

உடை விஷயத்தில் நம் தாய்மார்களோடு சண்டை வரும். புடைவைக்கு மேல் ஒரு கோட்டும், காலுறையோடு செருப்பும் போதும் என்பார்கள். புடைவை இருக்கட்டும், உள்ளே கம்பளி உள்ளாடையும் காற்சட்டையும் வேண்டும். மேலே நீர் புகாத அங்கி வேண்டும், ஏனெனில் அருவியின் தூசி நனைத்துவிடும். நனைந்த துணியில் உடற்சூடு வெகுவேகமாகப் போய்விடும். காலுக்குப் பனிக்காலணி. அதன் அடியில் மாட்ட, சிறு இரும்பு முட்கள் வைத்த ரப்பர் பட்டை கடைகளில் கிடைக்கிறது. வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், குளிரை விட அது பெரிய ஆபத்து. வெளியே ஒரு தடவைக்கு இருபது நிமிடம். பிறகு காரிலோ கட்டடத்திலோ உட்கார்ந்து வெந்நீர். மறுபடியும் இருபது நிமிடம்.

இவ்வளவும் அம்மாவுக்கு ஒழுங்காகச் செய்தேன். குனிந்து அவர்கள் காலணியில் பட்டையை மாட்டிவிட்டு, என்னுடையதைக் காரிலேயே மறந்துவிட்டேன். டெரபின் பாயிண்ட் இறக்கத்தில் அம்மா உறுதியாக நிற்க, வைத்தியம் சொன்ன நான் மல்லாந்து விழுந்தேன். நல்லவேளை, அடி ஒன்றுமில்லை. "மெதுவாய்யா, மெதுவா" என்று என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது எழுபத்தெட்டு வயதுத் தாயார்.

கம்பியருகே போனோம். கம்பியெல்லாம் முழங்கை கனத்துக்குப் பனிக்கட்டி. மரங்கள் வேர் முதல் நுனி வரை வெள்ளை. நடுவே அந்தப் பச்சைத் தண்ணீர் சத்தத்தோடு விழுந்துகொண்டிருந்தது. காற்று திரும்பியபோது நீர்த்தூசி எங்கள் மேல் வந்து விழுந்து, அம்மாவின் கோட்டில் பொடிப்பொடியாக உறைந்தது. "சாரல்லா அடிக்குது!" என்றார்கள். குற்றாலத்தில் சொல்வதுபோலவே சொன்னார்கள். கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினார்கள். நான் டாக்டராகத் தடுத்திருக்கவேண்டும், தடுக்கவில்லை.

இருபது நிமிடக் கணக்கு அன்று நாற்பதாயிற்று. காருக்குத் திரும்பி, பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்கப்பாவை அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கலாம்யா. அவங்களுக்கு இந்தச் சத்தம் பிடிச்சிருக்கும்" என்றார்கள். குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஆமாம் அம்மா என்றேன். வேறு சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பிறகு தயிர்சாதம் சாப்பிட்டோம்.

அம்மா இப்போது தென்காசியில் சௌக்கியமாக இருக்கிறார்கள். சீசனில் கூடப் பார்க்கமுடியாத அருவியைப் பார்த்துவந்ததாகத் தெருவில் எல்லோரிடமும் சொல்கிறார்களாம்.

எங்கள் வீட்டில் காலணிக்கு மாட்டும் பட்டை நான்கு ஜோடியும், பெரியவர்களுக்கான கம்பளி உள்ளாடை இரண்டு செட்டும் சும்மா கிடக்கின்றன. வேண்டிய அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை அர்ச்சனைக்குப் பின் கோயிலில் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெற்றோரின் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுவந்தால் பார்த்துச் சொல்கிறேன். தைப்பூசத்தன்று பேசிய அன்பர் வரும் வியாழக்கிழமைக்கு அறை பதிவு செய்துவிட்டார். முதல் ஜோடி அவருடைய தகப்பனாருக்கு.